புல்லட்டை விற்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

குலசேகரம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. தினமும் வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புகிறவன் திடீரென்று பேனா பிடித்து எழுதியிருக்கிறானே, என்னமோ ஏதோ என்று வீட்டுக்காரி பயந்துவிட்டாள். அவளே பிரித்துப் படித்த பிறகுதான் என் கைக்குக் கொடுத்தாள். "புல்லட்ட விக்கணுமாம். இதுக்குப் போயா நாலு பக்கம்" என்றாள். மதினியிடம் இதைச் சொல், சிரிப்பாள்.

நீ எழுதியதெல்லாம் புரிந்தது. மகன் விற்கச் சொல்கிறான், ஒருத்தன் நல்ல விலை சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறான், வலது முட்டி ஒத்துழைக்கவில்லை, உனக்கோ மனசு வரவில்லை. ஆனால் நாலு பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நீ எழுதவே இல்லை. வண்டியைக் கடைசியாக எப்போது ஸ்டார்ட் செய்தாய்? கவர் போட்டு மூடியிருக்கிறேன், வாரம் தவறாமல் துடைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே தவிர, ஓட்டினேன் என்று ஒரு வரி இல்லை. அப்படியானால் என் பதில், விற்றுவிடு.

கோபப்படாதே, காரணம் இருக்கிறது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஓடுகிற வண்டியில் டாங்க் தீர்ந்து தீர்ந்து நிறைவதால் பெரிதாகத் தெரியாது. மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் தண்ணீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், உள்ளுக்குள்ளேயே துரு பிடிக்கும். நம் வண்டியின் பெட்ரோல் ஹோஸ் குழாயும் வாஷரும் இந்தப் பெட்ரோலை நினைத்துச் செய்தவை அல்ல. ஊறிப் போய் ஒருநாள் ஒழுகும். நீ வெளியே பளபளவென்று துடைத்துக்கொண்டிருக்க, உள்ளே அது அழுகிக்கொண்டிருக்கும். நம் வண்டியிலிருக்கிற காஸ்ட் அயர்ன் எஞ்சின் இனி வராது, புகை விதிகள் இறுகியதும் கம்பெனியே நிறுத்திவிட்டது. அதனால்தான் உன் வாசலில் ஆள் நிற்கிறான்.

ஆனால் வருகிறவனுக்கெல்லாம் கொடுத்துவிடாதே. சில பேர் வாங்கிப் போய் சைலன்சரை அறுத்து, ஊரையே எழுப்புகிற குழாய் ஒன்றை மாட்டுகிறார்கள். இன்னும் சிலர் ஓட்டல் முற்றத்தில் சீரியல் பல்பு சுற்றி நிறுத்திவிடுகிறார்கள், மார்த்தாண்டம் போகும் வழியில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அந்த ஓட்டலில் சாயா குடிக்காமலே வந்துவிட்டேன். வாங்க வருகிறவனிடம் சாவியைக் கொடுத்து, "ஸ்டார்ட் பண்ணு பார்ப்போம்" என்று மட்டும் சொல். ஏறி உட்கார்ந்ததும் தொம் தொம்மென்று மிதித்தான் என்றால் அனுப்பிவிடு. முதலில் அம்மீட்டரைப் பார்க்கிறானா என்று கவனி. கிக்கரை மெதுவாக அழுத்திக் கொண்டுவந்து, முள் நடுவில் வந்து நிற்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். இடது கையால், எஞ்சின் அழுத்தத்தை விடுகிற டீகம்ப்ரஷர் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு பொட்டு கீழே இறக்க வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. அதற்குப் பலம் தேவையில்லை. இதெல்லாம் தெரிந்தவன் வந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடு. தெரியாமல் மிதிக்கிறவனுக்கு வண்டியே பதில் சொல்லும். ஜபல்பூரில் பட்டாளத்து சிக்னல் பயிற்சியின்போது நம் ஸ்க்வாடில் எத்தனை பேர் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார்கள், மறந்துவிட்டாயா?

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆர்.சி. நடப்பில் இருக்கிறதா பார். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். காலாவதியான புத்தகத்தோடு விற்கப் போனால் பெயர் மாற்றம் இழுத்துக்கொண்டே போகும், நாளைக்கு அவன் எங்காவது இடித்தால் கேள்வி உன் வீட்டு வாசலுக்கு வரும்.

என் வண்டியை நான் விற்கவில்லையே என்று கேட்பாய். என்னுடையது ஓடுகிறது மக்கா. விடிவதற்கு முன் ரப்பர் வெட்டு. மழை நாளில், வெட்டுப் பட்டையில் தண்ணீர் விழாமல் ரெயின் கார்டு கட்டிய மரத்தில் மட்டும் வெட்டு. பாலை உறைய வைத்து ஷீட் அடித்துவிட்டு, குளித்து, மரச்சீனியும் சாளைக்கறியும் சாப்பிட்டால் எட்டரை மணி. அப்புறம் வண்டியை எடுத்துவிடுவேன். இந்தப் பக்கத்து மலையோர ஊர்களில் நம்மைப்போல ரிட்டயர் ஆனவர்கள் நிறையப் பேர், கணவர் போன பிறகு தனியாக இருக்கிற பெண்களும் உண்டு. அவர்களுக்கு நாகர்கோவில் போய்வருவது என்றால் ஒருநாள் முழுக்கப் போய்விடும். முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு ஆளை ஏற்றிப் போவது, கேன்டீன் சாமான் வாங்கி வருவது, பென்ஷன் தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தலைக்கு மேல் வேலை. எண்பது தாண்டிய ஒரு ஹவில்தார் இருக்கிறார், பின்னால் ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும் நான் ஓட்டுவதில் குறை சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் பஸ்ஸில் வாருங்கள் என்றால் மட்டும் வரமாட்டார்.

நவம்பர் வந்தால் உயிர்ச் சான்று. முன்பு பேங்கில் போய் முகத்தைக் காட்டினால் போதும், இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற பட்டாளத்துப் பென்ஷன் ஆன்லைன் ஏற்பாட்டில்தான். எனக்கு ரப்பர் கத்தி பிடித்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது, மெஷின் என்னை நான் இல்லை என்கிறது. நல்லவேளை, போனிலேயே முகத்தைக் காட்டிப் பதிகிற வசதி இருக்கிறது. அந்தப் போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். நீயும் மகனை வைத்து அப்படியே செய். ஒன்றில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்: பென்ஷன் கொடுக்கும் இடம் எது என்று கேட்கிற கட்டத்தில் பழக்கத்தில் பேங்க் பெயரைப் போட்டுவிடாதே, ஸ்பர்ஷ் என்பதைத் தேர்ந்தெடு. இங்கே ஒரு அம்மாவுக்கு அப்படித் தவறிப் போய்ப் பென்ஷன் நின்றுவிட்டது, மறுபடி வரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ரோட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதினால் ரத்தக் கொதிப்பு ஏறும். கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகள் களியக்காவிளைப் பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. இரண்டு பஸ் ஒதுங்க இடமில்லாத ரோட்டில் அது வந்தால் நாம் சேற்றில் இறங்கி நிற்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் குழியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது டயர் இறங்கிய பிறகுதான் தெரியும். பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 ஜூலையிலிருந்தே ஹெல்மெட் கட்டாயம் என்று கோர்ட் உத்தரவு போட்டது. இன்றைக்கும் பாதிப் பேருக்கு அது முழங்கையைக் காக்கிற சாமான். போலீஸ் நிற்கிற முக்கு வந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் கைக்கு இறங்கும்.

ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பும்போது முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவில் நாலாவது கியர் பிடிக்கவே இல்லை. மூன்றிலேயே, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். லாரி ஒன்று மறைக்கும்போது காற்று சட்டென்று நிற்கும், அது தாண்டியதும் பழையபடி அறையும். காஷ்மீரில் சோஜிலா கணவாயில்கூட எனக்கு இப்படிக் கை வலித்ததில்லை என்று வீட்டில் சொன்னேன். "வயசு என்ன ஆச்சுன்னு கணக்குப் பார்த்தீங்களா" என்று பதில் வந்தது.

சோஜிலா என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்ரீநகரில் தொடங்குகிற 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலை முடிவது நம் கன்னியாகுமரியில்தானே. அதனால் காஷ்மீரிலிருந்து பைக்கில் வந்து சேருகிற பையன்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம். காந்தி மண்டபம் பக்கம் வண்டியை நிறுத்திக் கொடியைப் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். என் பட்டாளத்து இந்தி இன்னும் துருப்பிடிக்கவில்லை. எத்தனை மணி நேரத்தில் வந்தோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன், ஒருத்தனுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவன் வண்டியின் செயின் தொங்கிப்போய்க் கிடந்தது. அதைக் காட்டினேன், "ஊர் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் அங்கிள்" என்றான். ஊர் எங்கே? புனே! பையை இறக்கி ஸ்பானரை எடுத்து நானே இறுக்கிக் கொடுத்தேன்.

டி.ஆர். வேலைக்கு, அதாவது பைக்கில் தபால் கொண்டுபோகிற டெஸ்பாட்ச் ரைடர் வேலைக்கு, வேகம் வேண்டும் என்று நம்மிடம் யார் சொன்னது? ஜபல்பூரில் நமக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் ஸ்பீடோமீட்டரைப் பார்த்ததே இல்லை. திரும்பி வந்ததும் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்ப்பார். டாக் பை போய்ச் சேர்ந்ததா, கையெழுத்து வாங்கினாயா, அவ்வளவுதான் கேள்வி. நேரத்துக்குப் போக வேண்டும், சரி. ஆனால் வழியில் கவிழ்ந்தவன் சீக்கிரம் கிளம்பினால் என்ன, லேட்டாகக் கிளம்பினால் என்ன. அந்தப் பையன்களைக் குறை சொல்லவில்லை, அத்தனை தூரம் ஓட்டி வருவது சும்மா இல்லை. எனக்கு எரிச்சல் வருவது அவர்கள்மேல் இல்லை. பட்டாளத்து வாசமே அறியாமல் டி.என். 74, டி.என். 75 நம்பர் பிளேட்டின் மேல் சிவப்பில் 'ஆர்மி' என்று ஒட்டிக்கொண்டு, கட்டம்போட்ட பச்சைச் சட்டையும் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்களே, அவர்கள்மேல்தான். போலீஸ் கை காட்டினால் "மாமா மிலிட்டரி" என்கிறான். உன்னுடைய வண்டியிலும் என்னுடையதிலும் அந்த ஸ்டிக்கர் உண்டா?

தக்கலைப் பக்கம் போனால் உதயகிரிக் கோட்டையில் வண்டியை நிறுத்தி டிலனாய் கல்லறையைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு ஒரு பழக்கம். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரன் தோற்றபோது பிடிபட்ட ஆள். மார்த்தாண்டவர்மா அவரையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். 1777-இல் சாகும்வரை இங்கேதான் இருந்தார். கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது. முப்பத்தாறு வருடம் ரங்கரூட்டுகளை லைனில் நிறுத்தி ஓட்டியிருக்கிறார், ரிட்டயர்மென்ட்டும் இல்லை, பென்ஷன் அரியர்ஸும் இல்லை. ஆள் பாடு தேவலை!

அக்னிவீர் பற்றி உன் பேரனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். 2022-இல் அறிவித்தபோது நான் கத்தினது உனக்குத் தெரியும். நாலு வருடம், அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் தொடர முடியாது. நம் சிக்னலில் ஒருத்தன் வேலை தெரிந்தவனாக ஆவதற்கே எத்தனை வருடம் பிடித்தது? இன்னும் எனக்கு அதில் சமாதானம் இல்லை. ஆனால் இங்கே காலையில் ரோட்டில் ஓடுகிற பையன்களைப் பார்க்கும்போது போகாதே என்று சொல்ல வாய் வருவதில்லை. போகிறான் என்றால் போகட்டும். ஒரு டிகிரிக்குத் தபாலிலாவது பதிந்துவிட்டுப் போகச் சொல், நாலு வருடம் கழித்து வெளியே வந்தால் கையில் ஏதாவது இருக்கும்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் போட்ட கண்ணாடிப் பாலம் எப்படி என்று மதினி கேட்டாளாம். 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள், 77 மீட்டர். கீழே அலை அடிப்பது தெரியும், மதினிக்குத் தலை சுற்றும், உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். வேடிக்கையைவிட அதில் ஒரு சௌகரியம் உண்டு. முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகு போனாலும் தண்ணீர் வற்றினால், அலை ஏறினால் வள்ளுவர் சிலைக்கு விடமாட்டார்கள். இப்போது பாறையில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். முட்டிவலிக்காரனுக்கு நல்லது. சனி ஞாயிறு மட்டும் வந்துவிடாதே.

முட்டிக்கு என்ன செய்கிறாய்? ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதே. புல்லட்டை விற்ற காசில் பட்டன் ஸ்டார்ட் ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக்கொள். மருமகளின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் சந்தைக்குப் போகிறேன், மட்டிப்பழக் குலையை முன்னால் வைக்க அதைவிட வசதி வேறு இல்லை. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தாலும் என்ன.

பொங்கலுக்கு முன்னால் மதினியோடு ரயிலேறி வா. நாகர்கோவில் ரயில்வே ஸ்டேஷனில் வந்து கூட்டிக்கொள்கிறேன், காரில்தான், பயப்பட வேண்டாம். வரும்போது கோயம்புத்தூரில் பழைய புல்லட்டுக்கான பாயின்ட் செட் ஒன்றும் கண்டென்சர் ஒன்றும் வாங்கி வா. இங்கே கிடைக்கிறது சரியில்லை, ஈரக்காற்றில் சீக்கிரமே தீய்ந்துபோகிறது. உன் வண்டியின் டூல் பாக்ஸில் டாப்பெட் ஸ்பானர் ஒரு ஜோடி இருக்குமே, வண்டியோடு அதைக் கொடுத்துவிடாதே, எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய டி.ஆர்.