நீலக் கோட்டு

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மம்மாவின் முழங்கால் இந்தக் குளிருக்கு மோசம், ஆனாலும் வெள்ளிக்கிழமைக் கோயிலை விடமாட்டா. அக்காவின் சின்னவன் பிடிக்காமல் நிற்கத் தொடங்கிவிட்டான். மூன்று ஞாயிறாக நீ எடுக்கவில்லை. அம்மாவுக்கு 'பிஸி' என்று ஒரு சொல் மட்டும் வந்தது. சோதனை நேரம் என்று நான் அவவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. பயிற்சி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

தமிழில் எழுதினால்தான் எனக்கு மனதில் இருப்பது வரும். மெல்ல வாசி. விளங்காத சொல்லை அக்காவிடம் கேள்.

போன சனிக்கிழமை உங்கள் கல்லூரியின் ஐஸ் ஹொக்கி ஆட்டத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது இடைவேளைக்குக் கிட்ட, கமரா ஒருக்கால் ஆட்கள் இருக்கிற பக்கம் திரும்பியது. மேல் வரிசையில் நீ இருந்தாய். அக்காவின் கலியாணத்துக்கு எடுத்த நீலக் கோட்டு. டை கொஞ்சம் தளர்ந்து கிடந்தது. கையில் கடதாசிக் கோப்பை. ஐஸைப் பார்க்காமல் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாம் இரண்டு செக்கன்தான். அம்மா குசினியில் நின்றா. நான் கூப்பிடவில்லை.

அன்றைக்கு ஆடாதவர்கள்தான் கோட்டுப் போட்டு மேலே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளியும் சனியும் ஆட்டம் தொடங்க முதல் லைன்அப்பைப் பார்த்துவிடுவேன். டிஃபென்ஸில் ஆறு பெயர், சில நாள் ஏழு. பொங்கலுக்குப் பிறகு உன் பெயர் இல்லாமல் ஏழு ஆட்டம் போய்விட்டது. நீ காரணம் சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை.

26 பேர் என்ற அந்தக் கணக்கு எனக்கு இப்போதுதான் வடிவாக விளங்குகிறது. உங்கள் கல்லூரியும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் புது ஏற்பாட்டுக்குள் போகிறது, இனி அணியில் 26 பேருக்குமேல் வைத்திருக்க முடியாது என்று போன வருடம் நீ சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். முன்பு 18 முழு ஸ்கொலர்ஷிப்பை அணிக்குள் பங்கு போட்டார்கள், இனி 26 பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம், உன் பாதியும் முழுதாகும் என்று காசுப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். மூன்று கோலி, எட்டு ஒன்பது டிஃபென்ஸ், மிச்சம் ஃபோர்வேர்ட். அதற்குமேல் ஒரு கதிரையும் இல்லை. அந்த நேரம் பார்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல், கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளான ஓ.எச்.எல்., டபிள்யூ.எச்.எல்., கியூபெக் லீக் மூன்றில் எதிலாவது ஆடிய பெடியன்களுக்கும் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அங்கே அறுபதுக்குமேல் அணி. கல்லூரிகளில் முதல் பிரிவில் இருப்பதும் அறுபது சொச்சம்தான். எல்லோரும் புகழ்கிற அந்த இளம் ஆட்டக்காரன் மெக்கென்னா, டபிள்யூ.எச்.எல். அணியான மெடிசின் ஹட்டை விட்டுப் பென் ஸ்டேட் கல்லூரிக்குப் போகிறான் என்று ஜூலையில் செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். இடைவேளையில் எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவனைப் போல ஒருவன் போனால் பின்னால் எத்தனை பேர் வருவார்கள்! வருடத்துக்கு அறுபதுக்குமேல் ஆட்டம், பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் மூன்று வருடம் ஆடி உரமேறின இருபது வயதுக்காரனைக் கண்டால் எந்தக் கோச்தான் விடுவார்? நத்தாருக்குப் பிறகு உங்களிடம் வந்த பெடியனும் அங்கேயிருந்துதானே. வலது கைக்காரன் வேறு. வலது கை டிஃபென்ஸுக்கு எங்கேயும் தட்டுப்பாடு.

உன் கோச்சில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீயே அவரிடம் போய்க் கதை. மெசேஜ் போடாதே. கதவைத் தட்டிப் போய், 'நான் எதைத் திருத்த வேண்டும்' என்று கேள். வாய் திறந்து கேட்காதவனை அவர்கள் மறந்துபோவார்கள்.

கல்லூரி மாறுகிறவர்களின் போர்ட்டலில் பெயர் போடுகிற யோசனை இருந்தால் அவசரப்படாதே. இப்போது எத்தனை தரம் மாறினாலும் படிப்பு ஒழுங்காக இருந்தால் உடனே ஆடலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெயர் போட்ட பிறகு பழைய இடத்தை உனக்கென்று வைத்திருக்க அவர்களுக்குக் கடமை இல்லை. எல்லாக் கல்லூரியிலும் அதே 26 என்றால், இடம் கிடைக்காமல் நிற்கப் போகிறவர்கள் கனபேர். படிப்பை மட்டும் விடாதே. விளம்பரக் காசு அது இது என்று யாராவது சொன்னால் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேள், நீ எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறாய். ஒன்றும் சரிவராவிட்டால் இங்கே வா. கனடாப் பல்கலைக்கழக அணிகளிலும் நல்ல ஹொக்கி இருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

2024 ஏப்ரலில், செயின்ட் போலில் நடந்த அந்தக் கல்லூரி இறுதி ஆட்டத்தை நீயும் நானும் பார்த்தோமே. போஸ்டன் கொலிஜில் என்.எச்.எல். அணிகள் ட்ராஃப்டின் முதல் சுற்றில் தெரிவுசெய்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். டென்வர் 2-0 என்று வென்றது. டென்வர் கோலி 35 ஷொட்டைத் தடுத்தான். 'அப்பா, மூத்த ஆட்கள் இருக்கிற அணியை லேசில் அசைக்க ஏலாது' என்று நீதான் எனக்குச் சொன்னாய். அடுத்த வருடம் வெஸ்டேர்ன் மிச்சிகன் முதல் தடவையாகக் கிண்ணத்தைத் தூக்கியபோது எனக்கு அதுதான் நினைவு வந்தது. நீ இப்போது இரண்டாம் வருடம். இன்னும் இரண்டு வருடத்தில் நீதான் அந்த மூத்த ஆள். அதுவரைக்கும் பயிற்சியில் யாரும் உன்னைக் கடந்து போகாமல் பார்த்துக்கொள். அப்புறம், கோச்சிடம் போய்க் கதை.

உன்னை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. நேரே சொன்னதில்லை, அவ்வளவுதான். ஆறு வயதில், காலை ஐந்தரைக்கு, அரினாவில் உன் ஸ்கேட்டுக்கு நான்தான் லேஸ் கட்டுவேன். கையுறையோடு இறுக்க வராது. கழற்றிவிட்டு அந்த மெழுகு லேஸை இழுத்தால் சுட்டுவிரல் மடிப்பில் வெட்டும். 'இன்னும் இறுக்கு அப்பா' என்பாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படி வளர்த்த பிள்ளை, மேலே கோட்டோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மறைக்கிறான் என்றால் எனக்கு நோகாதா?

மறைப்பதைப் பற்றிக் கதைக்க எனக்கு என்ன தகுதி.

2021 ஜூலையில் ஒரு பின்னேரம் நீ ஓடப் போயிருந்தாய். ஓ.எச்.எல். அணி ஒன்றிலிருந்து ஒருவர் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தார். கோவிட்டுக்கு முதல் உன்னை இரண்டு தரம் பார்த்தார்களாம். ட்ராஃப்டில் எடுக்காவிட்டாலும் முகாமுக்கு அனுப்புங்கள், பார்ப்போம் என்றார். மரியாதையான மனிதர். என் மகனுக்கு விருப்பம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

அங்கே ஒரு ஆட்டம், பயிற்சி ஆட்டமானாலும் சரி, ஆடினால் அமெரிக்கக் கல்லூரி உனக்கு இல்லை என்பது அப்போதைய சட்டம். இவ்வளவு காலமும் அதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. ஏ.எல். சோதனைக்கு இரண்டு மாதம் இருக்க நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவன். எனக்குக் கிடைக்காத பட்டத்தை உன் கையில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், உன் முடிவை நான் எடுத்தேன். அந்தக் கோடை முழுக்க, 'என்னை ஒருத்தரும் கேட்கேல்லை அப்பா' என்று நீ மனமுடைந்து திரிந்தாய். கேட்டவர் ஒருவர் இருந்தார் என்று தெரிந்துகொண்டு, உன்னை வேனில் ஏற்றி அரினாவுக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஆடிவிட்டு, ஒரு வருடம் பொறுத்துக் கல்லூரிக்குப் போயிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வழியால் போனவன் இன்று உன் இடத்தில் நிற்கிறான். நீ மேலே கோட்டோடு இருக்கிறாய். அதைப் பார்த்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

அம்மாவுக்கு நேற்று எல்லாம் சொன்னேன். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போனா. இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

இந்த ஞாயிறு எடு. கோபத்தோடு எடுத்தாலும் பரவாயில்லை, எடு. வழக்கம்போல 'சாப்பிட்டியா, குளிரா' என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன்.

அப்பா