அக்காவின் தூக்க மாத்திரை

அன்புள்ள செல்வம்,

இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் தீபாவளி விளக்கு போட்டாயிற்று. சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. பேத்தி ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள், வீட்டில் அதே பேச்சுதான். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

அக்காவை அழைத்து வருவதாக எழுதியிருந்தாய். மெத்தச் சந்தோஷம். ஆனால் சாங்கி விமான நிலையத்தில் வம்பு வேண்டாமென்று அவர் அல்பிரஸோலம் என்ற தன் தூக்க மாத்திரையை ஊரிலேயே விட்டுவரப் போகிறார் என்றாயே, அது கூடவே கூடாது! வருடக்கணக்காகத் தினமும் போடுகிறவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் அடியோடு போகும், வலிப்புகூட வரலாம். அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம்தான். இதே வகையைச் சேர்ந்த டயஸிபாமுக்கு ஒரு நாளுக்கும் மேல். அதனால் அல்பிரஸோலத்தை நிறுத்தினால் அவஸ்தை சீக்கிரமே தலைகாட்டும்.

மருந்தகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்த வகை மாத்திரைகளின் இரண்டு முகத்தையும் பார்த்திருக்கிறேன். மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற ரசாயனத்துக்கு இவை கூடுதல் பலம் கொடுக்கின்றன. நிற்காத வலிப்புக்கும், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்துக்கும், குடியை விட்டவரின் நடுக்கத்துக்கும் இதுதான் கைகொடுக்கும். தூக்கத்துக்கென்றால் இரண்டு, மூன்று வாரம் போதும். நம் ஊரில் பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்குகிறார்கள், அங்கேதான் கோளாறு. வயதானவர் ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. இதோடு மதுவோ அபின் வகை வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

இங்கே கெடுபிடிக்குக் காரணம் உண்டு. எரிமின் என்பது நிமெட்டாஸிபாம் என்ற, இதே வகை 5 மில்லிகிராம் தூக்க மாத்திரைதான்; போதைக்காகத் தெருவில் விற்றார்கள். இப்போது அது 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் சி பிரிவில் இருக்கிறது. மருத்துவர்கள் இந்த வகை மாத்திரைகளை எழுதித் தருவதற்கும் சுகாதார அமைச்சு 2008இல் வழிகாட்டி விதிகள் போட்டது.

நோயாளி தன் மருந்தைக் கொண்டுவரத் தடையில்லை. சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்கவேண்டும், அவ்வளவுதான். டாக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கு, மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும். படிப்படியாகக் குறைக்க முடியுமா என்றும் அவரிடமே கேள். அத்தான் குறுக்கே பேசினால் என்னிடம் போனைக் கொடு.

மாத்திரையின் பெயர், அளவு, பயணத் தேதி மூன்றையும் எழுதி அனுப்பு; விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன். வெங்காய வடகம் மறக்காதே.

அன்புடன்,
ராமு