உறைக்குள் கிடந்த வாத்தியத்தை எடுக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

திருவிடைமருதூர் பக்கம் நாகஸ்வரம் வாசிக்கிறவன் நான். பங்குனி, சித்திரை, வைகாசியில் சம்பாதிப்பதுதான் எங்களுக்கு வருஷத்துச் சாப்பாடு. 2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். திருவிழா நின்றது. பேசிவைத்த கல்யாண மேளம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. ரேஷனில் கொடுத்த அரிசியும் 1,000 ரூபாயும் அடுப்பைப் பார்த்துக்கொண்டன. மனசைத்தான் பார்க்க ஆளில்லை.

2018-ல் கஜா புயலில் மன்னார்குடிப் பக்கம் அக்கா வீட்டுக் கூரை போனபோது பத்துப் பேர் ஓடிப்போய் நின்றோம். ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தோம். இந்த முறை வாசலுக்கு வரக்கூட ஒருத்தருக்கும் வழியில்லை.

ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். தினமும் வாசித்துப் பழகும் சாதகம் விட்டுப்போயிற்று. ஒருநாள் உறையைப் பிரித்தால், எச்சில் படாமல் காய்ந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஓரம் பிளந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். "வேலை இல்லைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

நர்ஸம்மா, காய்ச்சல் கணக்கெடுக்க வந்த நீங்கள்தான் "தூக்கம் வருதாண்ணே?" என்று கேட்டீர்கள். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. 104 மருத்துவ உதவி எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கொடுத்தீர்கள். அந்தப் பக்கம் பேசிய தம்பி, நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தார். அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர், இது மனச்சோர்வு, சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கொரோனா வந்த முதல் வருஷத்திலேயே உலகம் முழுக்க மனச்சோர்வும் பதற்றமும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னதைப் படித்தபோது, எத்தனை வீட்டில் இப்படி விழித்துக் கிடந்தார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

தவில்கார அண்ணே, உங்களுக்கும் அதே பட்டினிதான். ஆனாலும் தினம் சாயங்காலம் எதிர்த் திண்ணையில் வந்து உட்கார்ந்து, தவிலுக்கு விரலில் மாட்டும் கூடு இல்லாமல் வெறுங்கையால் தொடையில் தட்டி "வாசிடா" என்றீர்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து நம்ம வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று, புதுச் சீவாளியோடு கரைக்கு இழுத்துப் போனீர்கள். மூச்சைத் தம் பிடிக்க முடியவில்லை, ஸ்வரம் பிசிறியது. நீங்கள் தாளத்தை விடவே இல்லை.

வைகாசிக் கல்யாணத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காத அந்தக் குடும்பத்துக்கும், மாத்திரை நேரம் ஒருநாளும் தவறவிடாத என் வீட்டம்மாவுக்கும் என் கும்பிடு.

நர்ஸம்மா, உங்கள் பெண் கல்யாணத்துக்கு நம்ம மேளம்தான். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். பணம் மட்டும் பேசாதீர்கள்.