இங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறது

உத்ரெக்ட், நெதர்லாந்து,
14.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, ஆயா, அக்கா எல்லோரும் நலமா? மழை விட்டதா?

உங்கள் இரண்டாவது கடிதம் வியாழக்கிழமை வந்தது. முதல் கடிதத்துக்கே நான் பதில் போடவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாததுதான் உறுத்துகிறது. போனில் பேசினால் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். முப்பது வருஷம் ஊரார் கடிதத்தைச் சுமந்த மனுஷனுக்குச் சொந்தப் பிள்ளை ஒரு கடிதம் போடவில்லை. தப்புதான்.

முகவரியில் இருப்பது என்ன பின்கோடு, எழுத்தெல்லாம் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். நான்கு எண், இரண்டு எழுத்து. அதோடு கதவு எண்ணும் இருந்தால் போதும், தெருப்பெயர் இல்லாமலே கடிதம் வந்துவிடும். "மேலத்தெரு, வேப்பமரத்து வீடு" என்று எழுதி உங்களை அலையவிட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

நான் ராத்திரி பதினோரு மணிக்குச் சைக்கிளில் திரும்புவதைச் சின்னம்மா பையன் சொல்லிவிட்டான் போல. பெரிய வேலையெல்லாம் இல்லை அப்பா. ஓர் இந்தோனேசியச் சாப்பாட்டுக்கடையில் வாரத்துக்கு மூன்று மாலை, பாத்திரப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். என் போன்ற மாணவர்கள் வாரத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது, அதனால் படிப்பு கெடாது. வேலை முடிந்ததும் சுடச்சுடச் சோறு, நிலக்கடலையை அரைத்த குழம்பு ஒன்று, மிளகாய்ச் சட்னி. அம்மாவிடம் சொல்லுங்கள், சோறுதான் சாப்பிடுகிறேன். பஸ் இருக்கிறது. எனக்குத்தான் சைக்கிள் பிடித்திருக்கிறது, உடம்புக்கும் நல்லது. கையுறை, குல்லா எல்லாம் நல்லதாக வாங்கிவிட்டேன்.

குளிர்காலத்தில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். காலையில் எட்டரைக்கு மேல்தான் விடிகிறது. அதனால் ராத்திரிச் சைக்கிள் என்பது இங்கே துணிச்சல்காரர் சமாச்சாரம் இல்லை, பால்வாடிப் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு அம்மாக்களே போகிறார்கள். சைக்கிளுக்கென்று சிவப்புத் தார் போட்ட தனிப் பாதை, தனி சிக்னல். சில தெருக்களில் "கார் இங்கே விருந்தாளி" என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ரயிலடிக்குக் கீழே மூன்று தளத்தில் 12,500 சைக்கிள் நிறுத்தலாம், முதல் 24 மணி நேரம் காசு கிடையாது. நம்ம பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

டபுள்ஸ் போனதற்காகப் போலீஸ் உங்கள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட கதையைக் கூடப் படிக்கும் பையன்களிடம் சொன்னேன், நம்பவில்லை. இங்கே டபுள்ஸுக்குத் தடை கிடையாது. விளக்கு இல்லாமல் போனால்தான் அபராதம். முன்னால் வெள்ளையோ மஞ்சளோ, பின்னால் சிவப்பு. மினுக்கிக்கொண்டு இருக்கக்கூடாது, நின்று எரியவேண்டும். மினுக்கினால் எத்தனை தூரத்தில் வருகிறோம் என்று எதிரே வருபவனுக்கு மட்டுப்படாதாம். பெடலில் மஞ்சள் ஒளிச்சில்லு, சக்கரத்தில் வெள்ளை வளையம். பின் மட்கார்டில் நீங்கள் அடித்துவைத்த வெள்ளைப் பெயிண்டுக்கும் இதுதானே காரணம்?

என் சைக்கிளுக்கு இங்கத்திய பெயர் "பாட்டி சைக்கிள்". பழையது, கறுப்பு, யானை மாதிரி கனம். விலையைக் கேட்காதீர்கள், ரூபாயாக்கிப் பார்த்தால் தூக்கம் போய்விடும். பூட்டுச் சங்கிலியே சைக்கிள் விலையில் பாதி. அதில் கைப்பிரேக் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக்.

(அடுத்த நாலு வரியை அம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிடுங்கள். நம் ஊரில் சும்மா போகும்போது பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போவோமே, அந்தப் பழக்கத்தில் முதல் வாரமே ஈரத்தில் சுற்றிவிட்டேன். சக்கரம் அப்படியே நின்று, நான் மட்டும் போனேன். முழங்கையில் சிராய்ப்புதான், ஆறிவிட்டது.)

அதற்கப்புறம் நிதானம் வந்துவிட்டது. டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கக்கூடாது, குறுக்கே நேராக ஏறி இறங்கவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும். தரையில் வெள்ளை முக்கோணங்கள் பல்வரிசை மாதிரி நம்மைப் பார்த்து இருந்தால், நாம்தான் நின்று வழிவிடவேண்டும். கார் நுழையாமலிருக்கப் பாதை நடுவே கம்பம் நட்டிருப்பார்கள், இருட்டில் அதுதான் எமன். உதிர்ந்த இலை நனைந்து கிடந்தால் வாழைப்பழத் தோல்தான். குறுக்குவழி ஒன்று உண்டு, ஐந்து நிமிடம் மிச்சம். ஆனால் விளக்கில்லாத பாதை, அதனால் போவதில்லை.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஜன்னலுக்குத் திரையே போடாதவர். எண்பதை நெருங்குகிறார், இன்னமும் சைக்கிளில்தான் கடைக்குப் போகிறார். நான் கிளம்பும்போது ஜன்னலருகே நின்று பார்ப்பார். பின்விளக்கு எரியாவிட்டால் கண்ணாடியைத் தட்டி, "லிஃக்ட்!" என்று தெருவே கேட்கக் கத்துவார். விளக்கு என்று அர்த்தம். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மழையில் என் டைனமோ வழுக்கி எரியாமல் போவதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்டரி விளக்கு இரண்டு, இறந்துபோன தன் வீட்டுக்காரரின் மழைக் கால்சட்டை எல்லாம் கதவில் தொங்கவிட்டிருந்தார். நன்றி சொல்லப் போனேன். கையில் நான் மாட்டியிருந்த காலுறையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு ஜோடி தோல் கையுறை எடுத்து வந்தார். உள்ளே கூப்பிட்டு ஒரு காப்பிகூடக் கொடுக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டார். அப்படி ஒரு மனுஷி.

ஆனால் ராத்திரி சைக்கிளில் திரும்பும் அந்த இருபது நிமிடம் எனக்குப் பிடித்திருக்கிறது அப்பா. ஊர் அடங்கியிருக்கும். கோயில் மணிக்கூண்டு ஒன்று, 112 மீட்டர், நம்ம ராஜகோபாலசாமி கோபுரம் மாதிரி இரண்டு மடங்குக்கு மேல். அதன் விளக்கு வாய்க்கால் தண்ணீரில் ஆடும். டிசம்பரில் தெருமுனையில் மாவு உருண்டை பொரிக்கிறார்கள், மேலே சர்க்கரைப் பொடி. அந்த எண்ணெய் வாசனையைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம். பிறகு பெரிய கால்வாய்க்கு மேல் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும் ஒரு தொங்குபாலம். இந்த ஊர் ஓட்டப்பந்தயப் பெண் டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைமேல் வளைந்து ஏறித்தான் அந்தப் பாலத்துக்குப் போகவேண்டும். நிஜமாகத்தான்.

நேற்று ராத்திரி பாலத்து நடுவில் காற்று தள்ளியது, இறங்கி நின்றேன். கீழே ஒரு சரக்குக் கப்பல் நீளமாக விளக்கேற்றிக்கொண்டு போனது. அப்போதுதான் உறைத்தது, நேற்று கார்த்திகை. திண்ணையில் அகல் வரிசையும், எண்ணெயைச் சிந்தாதே என்று ஆயா திட்டுவதும். எனக்குப் பொரி உருண்டை ஞாபகமே வரவில்லை. வடுவூர் அத்தை வீட்டிலிருந்து இருட்டில் திரும்புவோமே, அதுதான் வந்தது. நான் முன் பாரில், துண்டை மடித்துப் போட்டு. டைனமோ உர்ரென்று சத்தம் போடும், நீங்கள் வேகமாக மிதித்தால் ஏரிக்கரை தெரியும், மூச்சு வாங்கினால் கரை மறைந்துவிடும். எதிரே லாரி வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுவீர்கள். எனக்கு அப்போது அது கௌரவக்குறைவாகப் பட்டது. அந்தப் பாலத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். குளிர் அதிகம், கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது.

அந்தச் சைக்கிளையா பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்? வேண்டாம். கொல்லையில் சாக்குப் போட்டு மூடி வையுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அதைவிட முக்கியம், லாரி விளக்கு மத்தாப்பு மாதிரிச் சிதறித் தெரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது கண்புரைதான். ஆபரேஷனை அக்கா வளைகாப்புக்கு அப்புறம் என்று தள்ளாதீர்கள். வளைகாப்பு தையில்தானே, மார்கழியிலேயே தஞ்சாவூர் போய்வந்துவிடலாம். அத்தானிடம் நான் பேசுகிறேன். அதுவரை ஆறு மணிக்கு மேல் வண்டியைத் தொடாதீர்கள், பால் வாங்கக்கூட.

அம்மா சங்கிலிக்கு இந்த முறை வட்டியை மட்டும் கட்டி, திருப்பி வைத்துவிடுங்கள். ஜனவரியில் அனுப்புகிறேன். இந்த மாதம் இங்கே ஒரு கட்டணம் கட்டவேண்டியதாகிவிட்டது, வேறொன்றுமில்லை. வளைகாப்புக்கு என் பங்கு வளையலுக்கு அத்தானிடமே கைமாற்றாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ரேஷன் கார்டில் என் பெயரை எடுக்கவேண்டுமா வேண்டாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். பதில் போடும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு: கையுறை விஷயத்தையும் அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.