கரண்ட் போனா செர்ரி என்னாகும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல செர்ரிப் பழத்த ஃப்ரீசர்ல வெச்சு மாசக்கணக்கா சாப்பிடறது எப்படின்னு போட்டிருந்தீங்க. எழுதினது சரிதான், கழுவி ஈரம் போகத் தொடைச்சு, தட்டுல ஒன்னோட ஒன்னு ஒட்டாம பரப்பி கெட்டியாக்கிட்டு அப்புறம்தான் கவர்ல போடணும், இல்லன்னா எல்லாம் ஒரே பாறையா ஆயிடும். ஆனா கொட்டைய எடுங்கன்னு சொன்னவங்க ஏன்னு சொல்லலையே? செர்ரி கொட்டைய ஒடைச்சா உள்ள இருக்கற பருப்புலேர்ந்து சயனைடு உண்டாகும், யாராவது கொட்டையோட மிக்ஸியில அடிச்சிடப் போறாங்க.

அது கெடக்கட்டும். காஷ்மீர், இமாச்சல் குளிர்ல வெளையற பழம் கடலூர் வந்து சேர்றதுக்குள்ள பாதி கன்னிப் போயிடுது, வெலையும் நமக்குக் கட்டுப்படியாகல. இங்க ஆடி மாசம்னா திருப்பாப்புலியூர் மார்க்கெட் பக்கம் கூடையில களாக்காய், அதான் முள்ளுச் செடியில காய்க்கிற அந்தப் புளிப்புக் காய், வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கேக் மேலயும் பீடாவுலயும் செவப்பா பளபளன்னு வெக்கிறாங்களே செர்ரின்னு, அது பெரும்பாலும் இந்தக் களாக்காய்தாங்க, கொட்டைய எடுத்து சாயம் போட்டு சக்கரப் பாகுல ஊறவெச்சது. என் பேரன் இத நம்பவே மாட்டேங்கறான்.

நானும் அரை கிலோ களாக்காய ஃப்ரீசர்ல வெச்சுப் பாத்தவதான். வெளிய எடுத்தா தொளதொளன்னு ஆயிடுது, உள்ள இருக்கற தண்ணி ஐஸாகி சதையக் கிழிச்சிடுதாம். துவையலுக்கு ஓகே, ஊறுகாய்க்கு ஆகாது. அதுவும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலோட போச்சு. கரண்ட் போனாலும் தெறக்காம இருந்தா நெறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நெறைஞ்சது 24 மணி நேரம் தாங்கும், என்னுது பாதிகூட இல்ல, அதுலயும் ஆளாளுக்குத் தெறந்து தெறந்து பாத்தா? ஜாடியில இருந்த உப்புக் களாக்காய் மட்டும் அப்படியே இருந்துச்சு. 2011 டிசம்பர்ல ‘தானே’ புயல் அடிச்சப்பவும் கரண்ட் இல்லாத அத்தன நாளும் கஞ்சிக்கு அதுதான் தொட்டுக்க.

பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. காம்பு கிள்ளும்போது பால் பிசுபிசுன்னு ஒட்டும், கையில நல்லெண்ண தடவிக்கணும். நல்லா கழுவி தொடைச்சு ரெண்டா கீறி கொட்டைய எடுத்துட்டு, கிலோவுக்கு 150 கிராம் கல்லுப்பு போட்டு பீங்கான் ஜாடியில தெனமும் குலுக்கி விடுங்க, தானா தண்ணி விடும், அதுலயே ஊறட்டும், ஈரக் கரண்டி மட்டும் படவே கூடாது. பாகுல போடறதா இருந்தா சக்கரைய ஒரே நாள்ல கொட்டாதீங்க, காய் சுருங்கி தோலாப் போயிடும், நாலஞ்சு நாளா கொஞ்சம் கொஞ்சமா சேத்து பாகக் கெட்டியாக்கணும்.

அடுத்த ஆடிக்குள்ள இணைப்புல களாக்காய்க்கும் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்