அஜித் பாபு எடுபிடி அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், தூர்தர்ஷன் காலத்துத் துப்பறியும் தொடர்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையை, காலைக் காப்பி ஆறிப்போவதையும் பொருட்படுத்தாமல் படித்தேன். 'கரம்சந்த்' தொடரில் பங்கஜ் கபூர் கடித்துத் தின்ற கேரட்டுக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்த அந்தக் கட்டுரை, 'பியோம்கேஷ் பக்ஷி' தொடருக்கு வந்ததும் பியோம்கேஷாக நடித்த ரஜித் கபூரைப் பாராட்டிவிட்டு, "அவருடன் எப்போதும் ஓர் எடுபிடி நண்பரும் வருவார்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு அடுத்த தொடருக்குப் போய்விட்டது. அந்த எடுபிடிக்கும் பெயர் இல்லை, அவ்வேடத்தில் நடித்தவருக்கும் பெயர் இல்லை. அஜித் என்று பெயரைக் குறிப்பிட்டிருந்தால் நம் ஊர்த் திரைநாயகரின் படத்தையும் பக்கத்திலேயே போட்டிருப்பீர்களோ என்னவோ. அந்த மட்டில் தங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தாங்கள் அறியாததா? சரதிந்து பந்தோபாத்யாய் வங்காளத்தில் எழுதிய பியோம்கேஷ் கதைகளில் பெரும்பாலானவற்றை நமக்குச் சொல்பவரே அஜித்தான். அவர் தொழிலால் எழுத்தாளர். 'சத்யான்வேஷி' கதையில் கல்கத்தா விடுதி ஒன்றில் முன்பே அறை எடுத்துத் தங்கியிருப்பவர் அஜித். அதுல் சந்திர மித்ரா என்ற பொய்ப்பெயரோடு இடம் தேடி வந்து நின்ற பியோம்கேஷுக்குத் தம் அறையில் பாதியைக் கொடுத்தவரும் அவரே. அதன் பிறகுதான் இருவரும் ஹாரிசன் சாலை வீட்டில் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். இடம் கொடுத்தவன் எடுபிடி, வந்து ஒண்டியவன் நாயகன் என்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. அந்த வீட்டில் தேநீர் கொண்டுவந்து வைப்பதற்கு வேலைக்காரர் ஒருவர் தனியே இருக்கிறார் என்பதையாவது கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். பியோம்கேஷுக்கே 'துப்பறியும் நிபுணர்' என்ற அடைமொழி பிடிக்காது. தம்மை உண்மையைத் தேடுபவன், அதாவது சத்யான்வேஷி என்றே அவர் சொல்லிக்கொள்வார். கட்டுரையில் 'துப்பறியும் நிபுணர்' ஆறு இடங்களில் வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்; எண்ணுவது என் தொழிற்பழக்கம்.

தொழில் என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரின் முதற்பகுதி 1993இல் ஒளிபரப்பானபோது நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தி ஓர் எழுத்தும் தெரியாது. மண்டிக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த இராஜஸ்தானத்துச் சேட்டு ஒருவர், விரலி மஞ்சள் வாங்க வந்த பழக்கத்தில் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து, வண்ணத் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைப்பார். வேட்டி கட்டிய இருவர் ஒரு கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சேட்டு விளம்பர இடைவேளையில் மட்டும், "அவருக்குச் சந்தேகம் வந்துட்டுதுங்க, ஆனா சொல்ல மாட்டாருங்க" என்று நம் ஊர்த் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லுவார். மீதியை நான் அஜித்தாக நடித்த கே.கே. ரைனாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அவர் விழித்தால் நானும் விழிப்பேன். அவருக்கு விளங்கியது போலத் தலை நிமிர்ந்தால் எனக்கும் ஏதோ விளங்கியதாகத் தோன்றும். ரஜித் கபூர் எதையும் முகத்தில் காட்டாமல் நடித்தவர், அந்த வேடத்துக்கு அது தேவை. ஆனால், அப்படிப்பட்டவரின் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா? கேட்பதை நடிப்பாக்குவது பேசுவதை நடிப்பாக்குவதைவிடக் கடினம். மொழி தெரியாத என்னைப் போன்றோருக்கு அந்தத் தொடரைப் பாதி சேட்டு மொழிபெயர்த்தார், மீதிப் பாதியை ரைனா மொழிபெயர்த்தார்.

எடுபிடி என்ற சொல் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று தாங்கள் கேட்கக்கூடும். அதே மண்டியில் ஒரு பருவத்தில் குடோன் பேரேட்டுக்கும் வரவுச் சிட்டைக்கும் இடையே 11 மூட்டை ஒத்துவரவில்லை. மூன்று இரவுகள் உட்கார்ந்து, எந்தத் தேதியில், எந்த வண்டியில், எந்தக் கையெழுத்தில் கணக்குத் திரும்பியது என்று கண்டெடுத்து எழுதி முதலாளியிடம் கொடுத்தவன் நான். மறுநாள் கடைவீதி முழுவதும், முதலாளியின் கண் கழுகுக் கண் என்று பேச்சு. நான் "கூட இருந்த பையன்". அப்போது எனக்கு 41 வயது. முதலாளி மீது எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை, அவர் என் மகளின் திருமணத்துக்கு முன்னின்று செய்தவர். ஆனால் எழுதி வைப்பவன் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பவனும் இல்லை என்பதை அனுபவித்தவன் என்ற முறையில், அஜித் பாபுவுக்காகப் பேச எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்திருப்பேன். 2015இல் பியோம்கேஷை வைத்து ஓர் இந்தித் திரைப்படம் வந்தபோது, "முதன்முறையாக வெள்ளித்திரையில்" என்று தலைப்பிட்டீர்கள். 1967இலேயே சத்யஜித் ராய் இயக்க, உத்தம் குமார் அவ்வேடத்தில் நடித்துவிட்டார். சிறந்த நடிகருக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் உத்தம் குமார். அவருக்கு அதை வாங்கிக்கொடுத்த இரண்டு படங்களில் ஒன்று இது. அப்போதே ஓர் அஞ்சலட்டை எழுதினேன். பதில் இல்லை. தொடரை இயக்கிய பாசு சாட்டர்ஜி 2020 ஜூன் 4 அன்று காலமானபோது நான்கு வரிச் செய்தி வந்தது. அதில் அவருடைய திரைப்படங்கள் இருந்தன, இந்தத் தொடர் இல்லை. தொடரின் முகப்பிசையை இந்தக் கட்டுரை ரவிசங்கருக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறது. இசையமைத்தவர் ஆனந்த சங்கர், ரவிசங்கரின் அண்ணன் உதயசங்கரின் மகன். பியோம்கேஷின் மனைவி சத்தியவதியாக நடித்த சுகன்யா குல்கர்னியின் பெயரைத் தாங்கள் விட்டதை இங்கே பெரிதுபடுத்தவில்லை. பெயர் விடுவது தங்களுக்குப் பழகிவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னால் மறக்க முடியாதது எங்கள் கூட்டத்தின் அறிவிப்பு. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் இறுதியில் தூர்தர்ஷன் இந்தத் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது தங்களுக்கு நினைவிருக்கும். "அப்புச்சி, இவங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாவே இருப்பாங்களா?" என்று என் பேத்தி கேட்டுக்கொண்டே பார்த்தாள். அந்த நாள்களில் தொலைபேசியில் பேசத் தொடங்கிய நாங்கள் சிலர், ஊரடங்கு முடிந்தபின் மாதந்தோறும் கடைசி ஞாயிறு மாலை ஈரோடு வ.உ.சி. பூங்காவில் கூடிப் பேசிவருகிறோம். பவானி, பெருந்துறை, கோபி ஆகிய ஊர்களிலிருந்தும் வருகிறார்கள், இப்போது 19 பேர். தொடரைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும் யாருக்குப் புதிதாக என்ன செய்தி கிடைத்தாலும் அங்கே கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே எங்கள் விதி. சென்ற ஆண்டு முதன்முறையாகத் தங்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினோம். அழகாக அச்சிட்டீர்கள்: 'பியோம்கேஷ் பட்சி ஆர்வலர்கள் கூட்டம்'. பட்சி என்று கண்டு, வெள்ளோடு சரணாலயத்துக்கு வழக்கமாகப் போகும் இரண்டு பெரியவர்கள் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பியோம்கேஷ் என்பது எந்தக் கண்டத்துப் பறவை, எந்த மாதத்தில் வலசை வருகிறது என்று அவர்கள் மிகுந்த மரியாதையோடு கேட்டபோது எங்களுக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. பக்ஷி என்பது முகலாயர் ஆட்சியில் படைக்குச் சம்பளப் பட்டுவாடா பார்த்த அதிகாரியின் பதவிப்பெயர். ஏறத்தாழ என் இனத்தான். பியோம்கேஷோ, வானத்தையே சடையாக உடைய சிவபெருமானின் பெயர். இதையெல்லாம் பூங்காப் பெஞ்சில் உட்கார வைத்து விளக்கி முடிக்க இருட்டிவிட்டது. உத்தம் குமார் நடித்த அந்தக் கதையின் தலைப்புக்கு உயிர்க்காட்சிசாலை என்று பொருள் என்று எங்களில் ஒருவர் சொன்ன பிறகுதான் அவர்களுக்குச் சற்று ஆறுதல் ஏற்பட்டது.

இந்தக் கட்டுரை வந்த மறுநாள் திங்களன்று தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த தம்பி பணிவாகவே பேசினார். "ஏனுங்கய்யா, முப்பது வருசத்துக்கு முந்தின சீரியலுங்க, இதையெல்லாம் யாருங்க இப்போ பார்க்கப் போறாங்க?" என்றார். பார்க்க ஆளில்லாத தொடருக்கு முழுப்பக்கம் எதற்கு என்று கேட்க நினைத்தேன். அவர் வயதை எண்ணி, "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டேன். 1978 முதல் தங்கள் நாளிதழுக்குச் சந்தா கட்டிவரும் வாசகன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. வருகிற ஞாயிறு இணைப்பின் ஏதாவது ஒரு மூலையில், சோதிடத்துக்குக் கீழே இருந்தாலும் போதும், அந்த நண்பரின் பெயர் அஜித் என்றும், அவர் எழுத்தாளர் என்றும், அவராக நடித்தவர் கே.கே. ரைனா என்றும் இரண்டு வரி திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எடுபிடி என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு சொல் சேர்த்தால் மகிழ்வேன்; இடம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இத்துடன் இந்த மாதக் கூட்டத்துக்கான அறிவிப்பையும் இணைத்துள்ளேன். 'பக்ஷி' என்ற சொல்லில் 'க்' மீதும் 'ஷி' மீதும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். அன்று பைனாகுலரோடு வந்த இருவரும் இப்போது எங்கள் வட்டத்தில் ஒரு மாதம்கூடத் தவறாமல் வருகிறார்கள் என்றாலும், இம்முறை பைனாகுலர் தேவைப்படாது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மஞ்சள் மண்டிக் கணக்கர்,
ஈரோடு.