பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள் யாரிடமாவது வயதான காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள், "அண்ணன் பையனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தாச்சு" என்பார்கள். நானும் தனியாக வாழ்பவள்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அந்தப் பவர், அதாவது நம் பண, சொத்து விஷயங்களை நமக்குப் பதிலாகப் பார்க்க எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், எப்போது கட்டாயம் தேவையோ அப்போதுதான் செல்லாமல் போகும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது. இது பலருக்குத் தெரியும். அவருக்கு நினைவு தப்பி, நல்லது கெட்டது புரியாத நிலை வந்தாலும் முடிந்தது என்பது பலருக்குத் தெரியாது.

என் அத்தை கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மறதி நோய் முற்றியபோது, டெபாசிட்டை உடைத்து நர்ஸ் சம்பளம் கொடுக்கலாம் என்று என் தம்பி பவர் பத்திரத்தோடு அவரையும் வங்கிக்குக் கூட்டிப் போனான். மேனேஜர் மரியாதையாகத்தான், "அம்மா, இந்தப் பணம் எதுக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எந்த செக்‌ஷன்? வீட்டுப்பாட நோட்டு எங்கே?" என்றார். பணம் வரவில்லை. மேனேஜரைக் குறை சொல்ல மாட்டேன், சட்டம் அப்படி இருக்கிறது.

சரி, கோர்ட்டில் காப்பாளர் ஆணை வாங்கலாமே என்றால் அதற்கும் நேர் வழி கிடையாது. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் மைனர்களுக்கானது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் சொத்துக்குப் பொறுப்பாளரை நியமிக்க இடமிருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2017 சட்டம் மனநல சிகிச்சைக்குப் பிரதிநிதி வைத்துக்கொள்ள வழி செய்ததே தவிர சொத்து விஷயத்தை அப்படியே விட்டுவிட்டது. மிச்சம் இருப்பது நேராக உயர்நீதிமன்றத்திலேயே ரிட் மனு போட்டு ஆணை கேட்பதுதான். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை வைத்து அவருக்கு வைத்தியம் பார்க்க ஒரு மனைவி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார், மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வுதான் 2024-ல் அவரைக் காப்பாளராக நியமித்தது. கட்டிய மனைவிக்கே இந்த அலைச்சல் என்றால், தனி ஆளுக்காக யார் கோர்ட் படி ஏறுவார்கள்?

சிங்கப்பூரில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவரைப் பதிவு செய்துவிடலாம், தெளிவு போன பிறகுதான் அந்த அதிகாரமே வேலை செய்யத் தொடங்கும். இங்கே நேர் தலைகீழ்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டாம். உயில் எழுதுங்கள், வெள்ளைத்தாளே போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. எழுதாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கல்யாணமாகாத பெண்ணின் சொத்து பெற்றோருக்கு, அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தோழிக்கு ஒரு பைசா கிடைக்காது. பிள்ளையில்லாத விதவை சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வீடு கணவர் வீட்டாருக்குப் போய்விடும், 2009-ல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அப்புறம், நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவே.

வீட்டை இப்போதே உறவுக்காரர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதுவதென்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பார்க்காமல் விட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுத்து ரத்து செய்யலாம். வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா, அதை யார் முடிவு செய்வது என்பதையும் இரண்டு சாட்சிகளோடு எழுதி நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி வைக்கலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த முறையை எளிதாக்கிவிட்டது.

ஆனால் உயில் நாம் போன பிறகுதான் பேசும். நினைவு தப்பியும் உயிரோடு இருக்கும் அந்த நடுக்காலத்தில் நம் பணத்தை நமக்கே செலவழிக்க ஒரு ஆளை நாமே முன்கூட்டி நியமிக்கும் உரிமை வேண்டும். நம் எம்.பி.க்களில் யாராவது ஒருவர் இதைத் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி